டிரெய்லரின் முதுகில் இரண்டு தட்டல்

நவம்பர் 19, செவ்வாய்

வந்து சேர்ந்தாயிற்று. வீடாக்கி வைத்திருக்கும் டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு தடவை முள்புதருக்குள் விட்டேன், ஒரு தடவை பாறைமேல் ஏற்றினேன். காலமெல்லாம் நெப்ராஸ்காவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். இருந்து என்ன? இந்த வண்டியைத் தனியாக நான் பின்னுக்கு எடுத்ததே கிடையாது.

நான் முன்னால் இழுக்கும் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து ஓட்டுவேன். என் புருஷன் வெர்லின் டிரெய்லரின் பின்மூலையில் நடந்துகொண்டே உள்ளங்கையால் தகரத்தில் அறைவான். ஒரு அறை என்றால் இன்னும் வா. இரண்டு என்றால் நிறுத்து. மற்ற தம்பதிகள் எல்லாம் பார்க்கிங் போடும்போது விவாகரத்து வரைக்கும் போவார்கள். எங்களுக்குள் ஒரு வார்த்தை இருக்காது, அந்த அறைதான் பாஷை. இன்றைக்கும் ஜன்னலை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டுதான் ஓட்டினேன். ஏப்ரலில் புதைத்த ஆள் எங்கிருந்து தட்டுவான்?

பக்கத்து டிரெய்லர்க்காரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு முழு நாடகத்தையும் பார்த்தாள். பெயர் ஓபல். அவள் கேட்ட முதல் கேள்வி: "உன் பஸ்ல ஏறின பிள்ளைங்க எல்லாம் உயிரோடதான் இறங்குச்சுங்களா?"

எனக்கு உடனே பிடித்துவிட்டது.

இந்தப் பாலைவனத் திடலில் குளிர்காலம் கழிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாக இருக்கும் பெண்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம். ஓபல் சொன்னபடியே எழுதுகிறேன்: "காலையில ஒம்போது மணிக்குள்ள உன் காப்பிக் கோப்பை வாசப்படியில இருக்கணும். இருந்தா நீ உயிரோட இருக்கேன்னு அர்த்தம். இல்லேன்னா வந்து கதவை உடைப்பேன். கதவு செலவு உன்னோடது."

நவம்பர் 20

ஹீட்டரின் விசிறி விடியும் முன்பே நின்றுவிட்டது. பேட்டரியில் ஒன்றும் இல்லை. கூரைமேல் சோலார் தகடு இருக்கிறது, ஆனால் மூன்று நாளாக வானம் சாம்பல் பூசிக் கிடக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் ஒரு முனகல்தான் வந்தது.

இனியும் அந்தப் பெட்டியைத் திறக்காமல் இருக்க முடியாது.

கேஸில் ஓடும் ஜெனரேட்டர். வெர்லின் வாங்கினான். பெட்ரோல் டின்னை என்னால் தூக்க முடியாது, தோள்பட்டை போய்விட்டது. டிரெய்லர் மூக்கில் எப்படியும் இரண்டு கேஸ் சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறது, அதிலிருந்தே இழுத்துக்கொள்ளலாம் என்று அவன் கணக்கு. டிரெய்லரின் முதுகில் அதற்கென்று ஒரு இரும்புச் சட்டம் பற்றவைத்து, துளைகள் போட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்தான். பெயின்ட் காய்வதற்குள் வாசலிலேயே விழுந்துவிட்டான். பிரஷ்ஷைக்கூடக் கழுவவில்லை. அதை நான்தான் கழுவினேன், அடக்கம் முடிந்த பிறகு. முடி எல்லாம் விறைத்துப் போயிருந்தது.

நவம்பர் 22

ஜெனரேட்டரை மாட்டியாயிற்று! தோள் வலிக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

ஓபல் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்துச் சட்டத்தில் ஏற்றினோம். வெர்லின் போட்டிருந்த துளைகளில் போல்ட்டை விட்டுப் பார்த்தால், ஸ்டார்ட் பண்ணும் கயிறும் பொத்தான்களும் டிரெய்லர் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. நடுவில் ஒரு கை நுழையத்தான் இடம்.

ஓபல் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உன் ஆளு பின்பக்கமா துளை போட்டு வச்சிருக்கான்டி. இதுக்குள்ள கையை விட்டு எப்படி இழுக்கிறது? பாம்பாட்டம் வளையணும்."

"அவன் என்னைக்கு எதை நேரா செஞ்சான்?" என்றேன். "கல்யாணத்தன்னைக்குக் கோட்டையே திருப்பிப் போட்டுட்டு வந்தவன்."

பாவம், இல்லாத மனுஷனை இரண்டு பேரும் சேர்ந்து நன்றாகக் கிண்டல் செய்தோம். பிறகு டிரில்லை எடுத்து நான் புதுத் துளைகள் போட்டேன். ஜெனரேட்டரைத் திருப்பி வைத்தோம். இப்போது கயிறு வெளிப்பக்கம் பார்க்கிறது, நின்றபடி இழுக்கலாம். புகை போகும் பக்கம் டிரெய்லரைப் பார்க்கிறது, பரவாயில்லை, திறந்தவெளிதானே, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வளையம் வைத்து இறுக்கினோம். திருட்டுக்குப் பயந்து சங்கிலியும் பூட்டும்.

நவம்பர் 23

இன்று கேஸ். சிலிண்டரிலிருந்து பின்னால் வரைக்கும் நீள ஹோஸை அவன் முன்பே அடிவயிற்றில் கிளிப் போட்டுக் கட்டி வைத்திருந்தான். நான் செய்தது மிச்சம்தான். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். ஒரு இடத்தில் குமிழி கிளம்பியது. இறுக்கினேன், அடங்கியது. சிலிண்டர் வால்வைக் குழந்தையைத் தொடுவதுபோல மெல்லத்தான் திறக்கணும். வெடுக்கென்று திறந்தால் உள்ளே இருக்கும் தடுப்பு மூடிக்கொண்டு ஒரு பொட்டு கேஸ் வராது. இதுவும் அவன் சொல்லித் தெரிந்ததுதான்.

மின்சாரக் கேபிள் உள்ளே வர, பின்பெஞ்சுக்கு அடியில் தரையில் ஒரு துளை போட்டேன். சுற்றியிருந்த சந்தில் பழைய துணியை அடைத்தேன்.

கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்து, வாயில் வந்ததையெல்லாம் திட்டி முடித்தபோது கிளம்பியது. விளக்கு எரிந்தது. ஹீட்டர் விசிறி சுற்ற ஆரம்பித்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

நவம்பர் 26

வாயு அலாரம் காலையிலிருந்து கீச் கீச் என்று கத்துகிறது. அதன் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தேன், ஆயுள் முடிந்துவிட்டதாம். அதற்குமா? பிடுங்கி அலமாரியில் போட்டேன். டெமிங் டவுனுக்குப் போகும்போது புதிது வாங்கணும்.

நவம்பர் 28

நன்றி கூறும் பண்டிகை நாள். ஓபல் வான்கோழிக்குப் பதில் ஒரு கோழியை வாட்டி, "ரெண்டு கிழவிக்கு இது போதும்" என்றாள். பச்சை மிளகாய்க் குழம்பு அவள் கைப்பக்குவம், கண்ணில் நீர் வரவைத்தது. அடுத்த வாரம் கடுங்குளிராம். தரைக்கு அடியில் காற்று புகுந்தால் டிரெய்லர் ஐஸ் பெட்டிதான், சுற்றிலும் மறைப்பு அடித்துவிடலாம் என்றாள்.

டிசம்பர் 1

அடித்துவிட்டோம். தெர்மாகோல் பலகைகளை வெட்டி, டிரெய்லரின் அடியைச் சுற்றிலும் மறைத்து, ஓரத்தில் மண் அணைத்தோம். பாவாடை கட்டிய மாதிரி இருக்கிறது. வெறுங்காலோடு தரையில் நிற்க முடிகிறது! ஓபலுக்கு ஒரு டப்பா பீச் பழம் கொடுத்தேன்.

டிசம்பர் 3

சாயங்காலம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பின்பெஞ்சில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். பின்சுவரில் யாரோ தட்டினார்கள்.

ஓபல் என்று நினைத்து "உள்ள வா" என்றேன். வரவில்லை. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஜெனரேட்டர் அதுபாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. மணலில் என் காலடி மட்டும்தான். ஓபல் தன் டிரெய்லரில் ரேடியோ போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

தகரம் சூட்டில் விரியும் சத்தமாக இருக்கும்.

டிசம்பர் 4

இன்றும்.

டிசம்பர் 7

தகரம் விரிந்தால் 'டிக்' என்று கேட்கும். இது அப்படி இல்லை. இது சதை. விரித்த உள்ளங்கை. பின்மூலையில், தோள் உயரத்தில், அவன் வழக்கமாக நிற்கும் இடத்தில். இரண்டு தட்டல், கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு.

ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும்தான். காலையில் ஓட்டினால் காலையில். சாயங்காலம் ஓட்டினால் சாயங்காலம். நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. சர்ச்சுக்கே ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் போவேன். ஆனால் முழங்கையில் இருந்து தோள் வரை மயிர் சிலிர்த்து நிற்கிறது, இதை எழுதும்போதும்.

தலைவலி வேறு. கண்ணாடி மாற்றணும் போல.

டிசம்பர் 10

இன்று வாய்விட்டுக் கேட்டேன். "வெர்லின், நீயா?"

இரண்டு தட்டல்.

அதற்கப்புறம் எனக்குப் பயமே இல்லை. அதுதான் ஆச்சரியம். அடுப்பில் பீன்ஸ் தீய்ந்து போகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தேன். வீட்டை விற்றது, அவன் பிக்கப்புக்கு டயர் மாற்றினது, அவன் தங்கச்சி ட்வைலாவுக்கு இதயத்தில் கருவி வைத்தது எல்லாம். பெஞ்சின் அந்தக் கோடி ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவானோ என்று. ஓரக்கண்ணில் அவன் தொப்பியின் விளிம்பு தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது.

ஜெனரேட்டரை நிறுத்தப் போகும்போது கால் பஞ்சு மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன், கன்னமெல்லாம் சிவந்து கிடக்கிறது. இந்த வயதில்!

டிசம்பர் 12

இப்போதெல்லாம் பேட்டரி நிறைந்த பிறகும் ஓட விடுகிறேன். திடல் விதிப்படி இரவு பத்துக்கு நிறுத்தணும், இல்லாவிட்டால் நிறுத்தவே மாட்டேன். சிலிண்டரில் உறைபனி வெள்ளைக்கோடு போட்டிருக்கிறது; அதுவரைக்கும்தான் கேஸ் மிச்சம். நேற்று இடுப்பளவு இருந்த கோடு இன்று அடியில் கிடக்கிறது.

டவுனில் கேஸ் நிரப்புகிறவர் கேட்டார்: "போன வாரம்தானே நிரப்பினேன்? அங்க என்ன ஹோட்டல் நடத்துறீங்களா?"

சிரித்து மழுப்பினேன். திரும்பி வரும் வழியில் ஜன்னலைத் திறந்து ஓட்டியதில் தலைவலி போயே போய்விட்டது. பாதி வழி வந்த பிறகுதான் ஞாபகம், அலாரம் வாங்கவில்லை.

டிசம்பர் 13

ஓபல் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னடி, மூஞ்சி மினுமினுங்குது? சாயங்காலம் ஆனா கதவைச் சாத்திக்கிற. உள்ள எவனை வச்சிருக்க?"

"இருந்தா உனக்குப் பங்கு தர மாட்டேன்" என்றேன்.

அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் காற்று, தகரம், கிழட்டு மூளை என்று ஏதாவது காரணம் சொல்லிவிடுவாள். எனக்குக் காரணம் வேண்டாம். அவன்தான் வேண்டும்.

ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி ட்வைலாவுக்கு போன் செய்தேன். வெர்லின் தினமும் வந்து தட்டுகிறான் என்றேன். உடனே அவள் சொன்னாள்: "நான் கிளம்பி வரேன். எனக்கும் அவன்கிட்ட சொல்ல ஒண்ணு இருக்கு, ஆர்டிஸ்."

டிசம்பர் 17, செவ்வாய்

ட்வைலா வந்துவிட்டாள். வழியெல்லாம் பனியாம். ஓர் ஓட்டைக் காரில், மடியில் மாத்திரைப் பெட்டியோடு. இதயத்தில் கருவி வைத்த மனுஷி இவ்வளவு தூரம் ஓட்டி வருவதா என்று திட்டினேன். "அண்ணன் கூப்பிட்டா வரமாட்டேனா?" என்றாள்.

சாயங்காலம் ஜெனரேட்டரைக் கிளப்பினேன். இரண்டு பேரும் பின்பெஞ்சில் கைகோத்து உட்கார்ந்தோம். வெகு நேரம் ஒன்றும் இல்லை. எனக்கு மானம் போய்விடும்போல இருந்தது. ட்வைலா கொட்டாவி விட்டாள்.

வந்தது. இரண்டு தட்டல்.

அவள் விரல்கள் என் கையில் இறுகின. "கேட்டுச்சா?" என்றேன். அவள் "ரெண்டு" என்றாள்.

நான் சொல்லவே இல்லை, இரண்டு என்று. அவளிடம் 'தட்டுகிறான்' என்று மட்டும்தான் போனில் சொல்லியிருந்தேன்.

சுவரைப் பார்த்து அவள் பேசினாள். கடைசியாக அவனைப் பார்த்தபோது அப்பாவின் டிராக்டருக்காகச் சண்டை போட்டாளாம், மன்னிப்புக் கேட்கவே இல்லையாம். தேம்பித் தேம்பிச் சொன்னாள். அவன் தட்டிக்கொண்டே இருந்தான். இடைவெளியே விடாமல்.

மூக்கைச் சிந்திக்கொண்டு ட்வைலா கேட்டாள்: "ரெண்டு தட்டினா என்ன அர்த்தம்? சரிங்கிறானா?"

"இல்லடி. வண்டியைப் பின்னாடி எடுக்கும்போது தட்டுவான். ரெண்டுன்னா நிறுத்துன்னு அர்த்தம்."

"செத்தும் அதிகாரம் பண்றான் பாரு" என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். ராத்திரி ட்வைலா வாந்தி எடுத்தாள். ஓபலின் மிளகாய்க் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

டிசம்பர் 18

காலை. மேகம். காற்றே இல்லை, ஒரு இலைகூட அசையவில்லை. விடிந்ததும் ஜெனரேட்டர் போட்டாயிற்று. ட்வைலாதான் அவசரப்படுத்தினாள், இன்னும் கொஞ்சம் பேசணுமாம்.

இப்போது பெஞ்சில் சாய்ந்து தூங்குகிறாள். வாய் திறந்திருக்கிறது. கன்னம் ஆப்பிள் மாதிரி. எழுப்பினேன், ம் என்கிறாள், கண் திறக்கவில்லை.

தட்டுகிறான். இவ்வளவு பலமாகத் தட்டினதே இல்லை. ரெண்டு ரெண்டு ரெண்டு. மேஜைமேல் கோப்பை ஆடுது

கோப்பை படியில் வைக்கணும். வைக்கலை இன்னும். எழுந்தா தல சுத்துது

என்ன வெர்லின். என்ன. கேக்குது. காது கேக்குது எனக்கு

நிறுத்து நிறுத்துன்னா எதை நிறுத்த? நான் வண்டியே ஓட்டலையே

எதை

டிசம்பர் 20, வெள்ளி

டெமிங், ஆஸ்பத்திரி. ஓபலிடம் நோட்டை எடுத்து வரச் சொன்னேன்.

ட்வைலா பிழைத்துவிட்டாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன். இன்னும் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள், ஆனால் காலையில் கஞ்சி சரியில்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டாளாம். அப்படியென்றால் பிழைத்துவிட்டாள்.

எனக்கு ஞாபகம் இருப்பது துண்டு துண்டாகத்தான். மேஜையைப் பிடித்து எழுந்தேன். கால் என்னுடையதாக இல்லை. தரையில் ஊர்ந்தேன். கதவைத் திறந்ததும் படியிலிருந்து தலைகுப்புற மணலில் விழுந்தேன். டிரெய்லரின் மூக்குப் பக்கம் தவழ்ந்து போய், சிலிண்டர் வால்வைப் பிடித்துத் திருகினேன். பின்னால் போய் ஜெனரேட்டரை அணைக்கலாம் என்று தோன்றவே இல்லை. அவன் அங்கே இருக்கிறான், அந்தப் பக்கம் போகாதே என்பதுபோல ஏதோ.

ஹோஸில் மிச்சமிருந்த கேஸ் தீரும்வரை இன்ஜின் ஓடியது. டிரெய்லரின் பக்கவாட்டு முழுக்க எனக்குத் தெரிந்தது, கடைசி மூலை வரைக்கும். அங்கே யாரும் இல்லை. ஆனாலும் தட்டல் கேட்டுக்கொண்டிருந்தது, தகரம் அதிர்ந்தது. இன்ஜின் ஒரு இருமல் இருமி நின்றது. தட்டலும் நின்றது. அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது.

ஒன்பது மணிக்கு ஓபல் என் படியைப் பார்த்திருக்கிறாள். கோப்பை இல்லை. கதவு வேறு ஆவென்று திறந்து கிடக்கிறது. ஓடி வந்து முதலில் ட்வைலாவை அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்துப் போட்டாளாம், அப்புறம்தான் என்னையே பார்த்தாளாம்.

டிசம்பர் 21

தீயணைப்புக்காரர் ஒருவர் வந்து விளக்கினார். நல்ல மனுஷன், திட்டவில்லை. ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. புகைக் குழாய் டிரெய்லரைப் பார்த்து இருந்தது. நாங்கள் தெர்மாகோல் அடித்த பிறகு, புகை அடிவயிற்றுக்குள் புகுந்து வெளியேற வழியில்லாமல் நின்றிருக்கிறது. அப்புறம் கேபிளுக்காக நான் போட்ட துளை வழியாக, பின்பெஞ்சுக்கு அடியில், உள்ளே.

"தலைவலி, வாந்தி, இல்லாத சத்தம் கேக்கிறது, இல்லாத ஆள் தெரியறது எல்லாம் இதனால வரும்மா" என்றார். "இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா நான் வந்தே பிரயோஜனம் இல்ல."

அவர் போன பிறகு ஓபல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எப்போதும் போலக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் சொன்னாள். "அவன் போட்ட துளை சரியாத்தான் இருந்துச்சு, ஆர்டிஸ். புகை வெளிய போகட்டும்னுதான் அந்தப் பக்கம் போட்டிருக்கான். நாமதான் சிரிச்சுக்கிட்டே திருப்பி வச்சோம்."

"தெர்மாகோலும் என் யோசனைதான்" என்றாள் பிறகு. அழுதாள். ஓபல் அழுது பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

டிசம்பர் 27

திடலுக்குத் திரும்பினேன். ஓபல் தெர்மாகோலைப் பூராவும் பிய்த்துப் போட்டிருக்கிறாள். கேபிள் துளையைச் சிமென்ட் மாதிரி ஏதோ வைத்து அடைத்திருக்கிறாள். புது அலாரம், பெஞ்சுக்கு மேலே ஒன்று, கட்டிலுக்கு மேலே ஒன்று. ஜெனரேட்டர் வெர்லினின் துளைகளில் உட்கார்ந்திருக்கிறது. என் போல்ட்டுகள் அதில் வழுக்கிக்கொண்டு இறங்கினவாம். கயிற்றை இழுக்கக் கையைச் சந்துக்குள் விட்டு வளைய வேண்டியிருக்கிறது. அதனாலென்ன.

டிசம்பர் 28

ஜெனரேட்டர் போட்டேன். பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்ஜின் சத்தம் மட்டும்தான்.

டிசம்பர் 30

இன்றும் இன்ஜின் சத்தம் மட்டும்தான். தரை ஜில்லென்று இருக்கிறது, தலை தெளிவாக இருக்கிறது. பெஞ்சின் அந்தக் கோடி காலியாக இருக்கிறது.

யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். அவனை எப்படி வரவழைப்பது என்று எனக்குத் தெரியும். ஸ்பானர் எடுத்து போல்ட்டுகளைக் கழற்றி, ஜெனரேட்டரைத் திருப்பி வைத்தால் போதும். அலாரத்தைப் பிடுங்கி அலமாரியில் போட்டால் போதும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் வந்துவிடுவான். பெஞ்சு அமுங்கும். தொப்பி தெரியும்.

கொஞ்ச நேரம். ஒரே ஒரு சாயங்காலம். யாருக்கு என்ன நஷ்டம்?

டிசம்பர் 31

ஸ்பானரோடு பின்னால் போய் நின்றேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முதல் போல்ட்டில் ஸ்பானரை மாட்டியும் விட்டேன்.

என்னால் முடியவில்லை. பயத்தினால் இல்லை. செத்துப்போவது பற்றிக் கூட யோசிக்கவில்லை. அவன் தட்டினது என்னவென்று யோசித்தேன். நான் 'நீயா' என்று கேட்டேன், அவன் நிறுத்து என்றான். நான் வீடு விற்ற கதை சொன்னேன், அவன் நிறுத்து என்றான். அவன் தங்கச்சி மன்னிப்புக் கேட்டாள், அதற்கும் நிறுத்து. வந்ததிலிருந்து அந்த மனுஷன் வேறெதுவுமே சொல்லவில்லை. நான்தான் அதைக் கொஞ்சலாக எடுத்துக்கொண்டு, தினமும் கேஸ் நிரப்பி நிரப்பி, அவனைத் தொண்டை கிழியக் கத்த வைத்திருக்கிறேன். அவனுக்குக் கை எவ்வளவு வலித்திருக்கும்?

விஷ வாயு என்று தீயணைப்புக்காரர் சொல்கிறார். இருக்கட்டும். மறுபடி அவனை அந்தச் சுவரில் அப்படித் தட்ட வைக்க மாட்டேன்.

ஸ்பானரை ஓபலிடம் கொடுத்தேன். "இது உன் பெட்டியில இருக்கட்டும். நான் கேட்டாலும் தராதே." அவள் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். ஒரு கிளாஸ் விஸ்கி ஊற்றிக் கொடுத்தாள்.

ஜனவரி 9

ட்வைலா வீட்டிலிருந்து போன். நன்றாக இருக்கிறாள். கடைசியில் சொன்னாள்: "டாக்டர் என்ன வேணா சொல்லட்டும், ஆர்டிஸ். வாயுவுக்கு எண்ணத் தெரியுமா? ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ரெண்டு எப்படிக் கேக்கும்?"

தெரியவில்லை என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஜனவரி 23

பனி. கேஸ் நிரப்பினேன். ஒரு சிலிண்டர் இப்போது ரொம்ப நாள் வருகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

இந்தத் திடலில் தங்கக் கெடு முடிந்தது. நானும் ஓபலும் தெற்கே, கொஞ்சம் கதகதப்பான இடத்துக்கு மாறினோம். ஓபல் முதலில் போய் நிறுத்திவிட்டு, எனக்கு வழிகாட்டப் பின்னால் வந்து நின்றாள். பாஷையைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு அறை என்றால் வா, இரண்டு என்றால் நிறுத்து.

"இதுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேற" என்றாள்.

இரண்டு ஜன்னலையும் முழுக்க இறக்கிவிட்டேன். நல்ல வெயில், நல்ல காற்று. ஜெனரேட்டர் நேற்றிலிருந்து ஓடவில்லை, சிலிண்டர் வால்வு மூடியிருந்தது, புறப்படும் முன் நானே பார்த்தேன். மெல்லப் பின்னுக்கு எடுத்தேன். ஒரு அறை. இன்னும் கொஞ்சம் எடுத்தேன். ஒரு அறை.

பிறகு இரண்டு. விரித்த உள்ளங்கை, பின்மூலையில், தோள் உயரத்தில். பிரேக்கில் ஏறி நின்றேன்.

இறங்கிப் போனேன். பின் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி மண் சரிந்து ஓடைக்குள் இறங்குகிறது. மேலே புல் மூடியிருந்ததால் தெரியவே இல்லை. "சரியான நேரத்துல தட்டினே" என்றேன்.

ஓபல் சரிவைப் பார்த்தபடியே நின்றிருந்தாள். அவள் கை அந்தரத்தில், தகரத்தைத் தொடாமல் அப்படியே இருந்தது. "நான் எங்க தட்டினேன்? இப்பத்தான் இந்தப் பள்ளத்தையே பார்த்தேன். தட்டலாம்னு கையைத் தூக்குறதுக்குள்ள நீயா நிறுத்திட்ட."

"பஸ் டிரைவராச்சே" என்றேன்.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். டிரெய்லரைச் சமமாக்கினோம். உள்ளே போய் என் காப்பிக் கோப்பையை எடுத்து வந்து படியில் வைத்தேன்.

"மணி மூணாகுதுடி, இப்ப எதுக்குக் கோப்பை? நான்தான் உன்னைக் கண்ணால பார்த்துக்கிட்டு இருக்கேனே" என்றாள் ஓபல்.

உனக்கில்லை என்றேன்.